வலிக்காத நோவுக்கு மரியாதை ஏது?

பேராண்டி, உனக்கு மாடு வாங்கத் தெரியுமா? தெரியாது. மாட்டுத்தாவணின்னா உனக்கு மெட்ராஸ் பஸ்ஸு நிக்கிற எடம். எங்களுக்குச் சந்தை. அங்க தரகன் ஆயிரம் சொல்லுவான். கொம்பப் பாருங்க, திமிலப் பாருங்கன்னு சுத்திச் சுத்தி வருவான். வாங்குறவன் வாயே தொறக்க மாட்டான். மாட்டு வாயத்தான் தொறப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேந்துருச்சா? எட்டுப் பல்லும் போட்டு முடிக்க மாட்டுக்கு நாலஞ்சு வருசம் ஆகும். வயசும் தீனி எடுக்குற தெம்பும் அங்கதான் தெரியும். தரகன் பேச்சுல தெரியாது.

மாட்டு வாய அம்புட்டு உத்துப் பாத்த பரம்பரை நம்முது. தன் வாயப் பாக்க மட்டும் எவனுக்கும் நேரமில்ல. நீயாவது பாக்குறியா? செல்லத் தூக்கிப் புடிச்சு இளிச்சு இளிச்சுப் படம் எடுக்குற. எடுத்தத ரெண்டு வெரலால பெருசாக்கிப் பாக்குற. பல்லு வெள்ளையா, மஞ்சளா? அதான் உன் கவலை. அந்தப் பல்லப் புடிச்சு நிறுத்தியிருக்க ஈறு செவந்து உப்பிப் போயிக் கெடக்கே, அதப் பாத்தியா?

காலையில பிரஷ்ல ரத்தம். நீ என்ன செஞ்ச? பிரஷ்ஷ மாத்துன. புதுசுலயும் ரத்தம். பேஸ்ட்ட மாத்துன. அதுலயும் ரத்தம். "ஒடம்புச் சூடு"ன்னுட்டு எளநி வெட்டச் சொன்ன. குடி, வேணாங்கல. ஆனா எளநி வயித்துக்குள்ள போகுது, ரத்தம் ஈறுலருந்து வருது. ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்? வெரல்ல ஆணி கீறுனா அன்னைக்கே டி.டி. ஊசிக்கு ஓடுற ஆளு நீ. வாயில தெனமும் ரத்தம் வந்தா துப்பிட்டு ஆபீசுக்குக் கெளம்பிடுற.

ஏன்? வலிக்கல. அம்புட்டுத்தான் சங்கதி. சொத்தைப் பல்லு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி ஒக்கார வச்சிரும். மறுநா டாக்டர் கதவு தொறக்குறதுக்கு முன்னாடி அங்க நிப்ப. ஈறு நோவுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. சத்தம் போடாம பைய வேல பாக்கும். சத்தம் போடாதவன எவன் மதிக்கிறான் இந்தக் காலத்துல?

நடக்குறது இதுதான், கேட்டுக்க. பல்லு மேல வழவழன்னு ஒரு படலம் படியும். நாக்கால தடவுனாலே தட்டுப்படும். சோத்து மிச்சம்னு நெனைக்காத. அம்புட்டும் கிருமி. வெளக்காம விட்டா, எச்சில்ல இருக்க சுண்ணாம்புச் சத்து அதோட சேந்து சில நாள்ல காரையா இறுகிரும். அப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது. ஈறு வீங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பள்ளம் விழும். அங்க பிரஷ்ஷும் போகாது, பேஸ்ட்டும் போகாது. கிருமியோட ஒடம்பு மல்லுக்கட்டும். அந்தச் சண்டையில பல்லத் தாங்குற எலும்பு கரையும். கரைஞ்ச எலும்பு தன்னால தெரும்பி வராது. பல்லு நீண்டு தெரியும். எடையில சந்து விழும். வாய் நாறும். பக்கத்துல நிக்கிறவன் ரெண்டடி தள்ளி நிப்பான், ஏன்னு சொல்ல மாட்டான். ஒரு நா முறுக்கு கடிக்கையில பல்லு ஆடும். அப்ப வந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு"ங்குற. நேத்து வரைக்கும் நீ பாக்கலன்னு சொல்லு ராசா.

இப்ப ஒரு பெருசு கதைய எடுத்து விடுவ. எனக்குத் தெரியும். "எங்க ஊர்ல ஒருத்தரு, பிரஷ்ஷத் தொட்டதே இல்ல. தொண்ணூறு வயசுல கரும்பக் கடிச்சுத் துப்புனாரு." இருக்காரு. இல்லங்கல. எல்லா ஊர்லயும் அப்படி ஒருத்தரு இருக்காரு. அவருக்கும் கணக்கு போட்டு வச்சிருக்காக. எங்க போட்டாகன்னு தெரியுமா? நம்ம சனத்தோட வாயிலதான்.

வெள்ளக்காரன் காலத்துல பஞ்சம் பொழைக்க நம்ம மதுர சில்லாவுலருந்தும், திருச்சி, திருநெல்வேலி, சேலம் பக்கத்துலருந்தும் சனம் கண்டிச் சீமைக்கு, அதான் இலங்கைக்கு, கப்பலேறுச்சு. காப்பித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம். அந்த வம்சத்துத் தமிழ் ஆம்பளைக 480 பேரோட வாயத்தான், 1970ல ஹரால்ட் லோன்னு ஒரு நார்வேக்காரரும் அவரு கூட்டாளிகளும் தொறந்து பாத்தாக. ரெண்டு தோட்டத்து ஆளுக. வயசு 14லருந்து 31 வரைக்கும். ஒழைச்சு உரமேறுன ஒடம்பு. பல்லுல சொத்தைன்னு ஏறக்கொறைய கெடையாது. பல்லு வெளக்குற வழக்கமும் கெடையாது. வைத்தியமும் கெடையாது. 1985 வரைக்கும் தெரும்பத் தெரும்பப் போயி அளந்தாக. மொத நா வந்தவுகள்ல கடைசி வரைக்கும் கெடைச்சது 161 பேரு.

1986ல கணக்கு வெளியாச்சு. நூத்துக்கு 81 பேருக்கு நோவு நிதானமா முத்துச்சு. 45 வயசுல சராசரியா 7 பல்லு போயிருச்சு. நூத்துக்கு 8 பேருக்கு வெரசா முத்துச்சு. 35 வயசுல 12 பல்லு போச்சு, 40ல 20 போச்சு, 45ல வாயே வெறும் வாயி. மிச்சம் 11 பேரு? ஈறு வீங்குனதோட சரி. பல்லு போகல.

உங்க ஊருப் பெருசு அந்த 11ல ஒருத்தரு. அம்புட்டுத்தான் அவரோட சாதனை. நீ 11லயா, 81லயா, 8லயா? நெத்தியில எழுதி ஒட்டிருக்கா? பாக்கி 89 பேரு திண்ணையில கூழு குடிச்சுக்கிட்டு இருந்தாக. அவுகளப் பத்தி எவன் கதை சொல்றான்? அதே ஆளுக நார்வேயில, ஒஸ்லோ பட்டணத்துல, படிச்சு வைத்தியம் பாத்துக்கிட்ட ஆம்பளைகளையும் அளந்தாக. 40 வயச நெருங்கையில அவுகளுக்குப் பல்லோட ஈறு புடிப்பு விட்டுப்போனது சராசரியா ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். தேயிலைத் தோட்டத்துல அது ரெண்டு மூணு மடங்கு. ஒலகம் பூராவும் பல் வைத்தியம் படிக்கிற புள்ளைக இந்தக் கணக்கப் படிச்சுத்தான் பரீச்ச எழுதுதுக. அந்தச் சனத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தக்காரன் நீ, எளநி வெட்டிக்கிட்டு இருக்க.

அதே லோ 1965லயே இன்னொரு வேல பண்ணிருந்தாரு. டென்மார்க்குல ஈறு நல்லா இருந்த 12 பேரப் புடிச்சாரு. அதுல நெறையா பேரு பல் வைத்தியம் படிக்கிற பயலுக. "யாரும் பல்லு வெளக்கக் கூடாது"ன்னுட்டாரு. 10 நாள்லருந்து 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கிருச்சு. தெரும்ப வெளக்கச் சொன்னாரு. ஒரு வாரம் போல ஆச்சு, சரியாப்போச்சு. ஆரம்பத்துல புடிச்சா காசு பணம் இல்லாமலே தெரும்பிரலாம்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. எலும்பு கரையத் தொடங்குன பெறகுதான் செலவும் சிரமமும்.

"தாத்தா, ஆலங்குச்சி வேலங்குச்சி எல்லாம் பொய்யா"ங்குறியா? பொய்யில்ல. நுனியத் தும்பா மென்னு, ஒவ்வொரு பல்லா நிதானமா தேய்ச்சவனுக்கு அது வேல செஞ்சுச்சு. நீ பண்ணுவியா? குச்சிய வாயில கவ்விக்கிட்டு ரீல்ஸ் எடுப்ப. செங்கப்பொடியும் உமிச்சாம்பலும் பல்லத் தேய்ச்சே கரைச்சிருச்சு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ரோஸ் கலரு கோபால் பல்பொடி கையில கொட்டி நக்குன புள்ளைக பாதி, வெளக்குன புள்ளைக பாதி. இப்ப கரியையே டியூப்புல அடைச்சு வெல போட்டு விக்கிறான், நீயும் வாங்குற. நல்லெண்ணெய கொப்புளிக்கணுமா? கொப்புளி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. குச்சி, பொடி, எண்ணெ, கரி எதுவும் அஞ்சாறு மில்லிமீட்டர் பள்ளத்துக்குள்ள எறங்காது. அங்க காரை ஒட்டிருந்தா ஆளு வச்சு எடுத்தாத்தான் உண்டு.

மெடிக்கல்ல போயி, "ஈறு வீக்கத்துக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க"ன்னு வாங்கிப் போடுறியே, அது இன்னொரு கூத்து. மூணு நா வீக்கம் வத்தும். காரை அங்கயே இருக்கும். மறுமாசம் இன்னொரு செட்டு. மெடிக்கல்காரன் புள்ள நல்லாப் படிக்கிறான்னு கேள்வி.

சரி, யாருகிட்டப் போறது? பல் டாக்டரு அஞ்சு வருசம் படிக்கிறாரு. அதுக்கு மேல மூணு வருசம் ஈறையும் எலும்பையுமே படிச்சவுக தனியா இருக்காக. அவுகளுக்குப் பேரு பீரியோடான்டிஸ்ட். பேரு வாயில நுழையலன்னா, "ஈறு டாக்டரு"ன்னு கேளு, போதும். கையில காசில்லையா? பெரியாஸ்பத்திரிக்குப் போ. இல்லாட்டி கீழவெளி வீதியில சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. படிக்கிற புள்ளைக பாக்கும், பின்னாடி வாத்தியாரு நிப்பாரு. நேரம் ஆகும். டீக்கடையில ஒக்காந்து ஊர்ப்பேச்சுப் பேசுற நேரந்தான, குடு.

அங்க மொத வேல என்னன்னு சொல்றேன். மெல்லிசா ஒரு கம்பி. நுனி மழுங்கி இருக்கும், அதுல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். ஒரு பல்லுக்கு ஆறு எடத்துல பள்ளத்துக்குள்ள விட்டு அளப்பாக. "மூணு, ரெண்டு, மூணு. அஞ்சு, ஆறு, நாலு"ன்னு சொல்லச் சொல்ல, ஒரு புள்ள எழுதிக்கிட்டே வரும். மூணு வரைக்கும் பயமில்ல. நாலும் அதுக்கு மேலயும் வந்து ரத்தமும் கசிஞ்சா பள்ளம் கெட்டிருக்குன்னு அர்த்தம். அப்புறம் எக்ஸ்ரே. எலும்பு எம்புட்டு எறங்கிருக்குன்னு அதுல தெரியும். இந்த அளவு எடுக்காம ஒருத்தரு உனக்கு வைத்தியம் சொன்னா, மாட்டு வாயத் தொறக்காம வெல பேசுறவன நெனச்சுக்க.

அப்புறம் காரை எடுக்குறது. தண்ணி பீச்சிக்கிட்டே அதுர்ற மிசினு. பள்ளம் ஆழமா இருந்தா மரத்துப்போற ஊசி போட்டு, ஈறுக்குக் கீழ வேர் வரைக்கும் சொரண்டி வழிப்பாக. கருப்பா, கெட்டியா, ஒடைஞ்ச சல்லி வந்து விழும். அதப் பாத்த பெறகாவது, "என் வாயி சுத்தம்"னு சொல்றத நிறுத்து. ஒரு மாசம் ரெண்டு மாசம் விட்டு மறுபடி அளப்பாக. பாதிப் பள்ளம் அதுலயே ஏறிரும். ஏறாத ஆழத்துக்கு ஈறத் தொறந்து, உள்ள பாத்து சுத்தம் பண்ணி, தையல் போடுவாக. எலும்புப் பொடி வைக்கிறது எல்லாப் பள்ளத்துக்கும் ஆகாது. பள்ளத்தோட அமைப்பப் பாத்துத்தான்.

கிளீன் பண்ணி வந்த மறுநாளே நீ சண்டைக்கு நிப்ப. "பல்லுல சந்து விட்டுட்டாக, கூசுது, ஆடுது!" அடேய், அந்தச் சந்த உண்டாக்குனது நோவு. காரை அத அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, அம்புட்டுத்தான். வீக்கம் வத்துனதும் உண்மை தெரியுது. கூச்சம் கொஞ்ச நாள்ல அடங்கும். இன்னொரு கூட்டம், "பல்லத் தொட்டா கண்ணு போயிரும்"னு கெளம்பும். கண்ணுக்குத்தான் நம்ம ஊர்ல 1976ல 11 படுக்கையோட தொடங்குன அரவிந்த் ஆஸ்பத்திரி இருக்கே! அங்க போயிக் கேளேன், பல்லு புடுங்கிக் கண்ணு போனவுக வரிசை எங்கன்னு.

கல்யாணம் வச்சிருக்க மாப்ளைக இப்ப "ஸ்மைல் டிசைன்"னு கெளம்பிருக்காக. முன்னாடி ஆறு பல்லுக்கு மேல தகடு ஒட்டி, டியூப்லைட்டு போட்ட வெள்ளையில வந்து நிக்கிறாக. அழகுதான். அடியில ஈறு ரத்தம் கசியுதான்னு பாத்தா ஒட்டுனாக? "லேசர் இருக்கா, என்ன கம்பெனி"ன்னு விசாரிக்கிற. "என் பள்ளம் எத்தனை மில்லி"ன்னு கேக்க வாய் வரல. மிசினு எதுவா இருந்தாலும் காரை வெளிய வரணும், அதான் வைத்தியம். "போனாப் போகுது, இம்ப்ளான்ட் போட்டுக்கலாம்"ங்குறியா? போடு. அந்தத் திருகாணியச் சுத்தியும் ஈறுதான் இருக்கு, எலும்புதான் இருக்கு. அதே கிருமி அங்கயும் வரும். பல்ல வச்சுக் காப்பாத்தத் தெரியாதவன், காசு குடுத்து வாங்குனத மட்டும் காப்பாத்துவானா?

இனிமேதான் விசயமே. டாக்டரு, "மூணு மாசங் கழிச்சு வாங்க"ன்னா நீ என்ன சொல்ற? "சரியாப்போச்சுல்ல, அப்புறம் எதுக்கு? காசு புடுங்குறாக." கண்மாய ஒரு தரம் தூர்வாரி விட்டா முடிஞ்சதா? மழை வந்தா வண்டல் வரத்தான் செய்யும். கரை அரிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் முன்ன ஊர்கூடி வருசா வருசம் குடிமராமத்து பாத்தாக. அத விட்டோம், கண்மாயி மேடாச்சு. 2017ல அரசாங்கமே அந்தப் பேர்ல திட்டம் போட வேண்டியதாச்சு. வாயிலயும் அதே கதைதான். சுத்தம் பண்ணுன பள்ளத்துக்குள்ள கிருமி ரெண்டு மூணு மாசத்துல மறுபடி சேந்துரும். அது சேந்து எலும்பத் தொடுறதுக்கு முன்னாடி கலைச்சு விடணும். கணக்கு அம்புட்டுத்தான்.

சுவீடன்ல கார்ல்ஸ்டாட்னு ஒரு ஊரு. அங்க ஆக்சல்சன், லிண்டேன்னு ரெண்டு டாக்டருக, 1972லருந்து 30 வருசம் ஒரே ஆளுகள விடாமக் கூப்புட்டு, வெளக்கச் சொல்லிக் குடுத்து, சுத்தம் பண்ணி விட்டாக. 2004ல கணக்கு எழுதுனாக. 30 வருசத்துல ஒரு ஆளுக்குப் போன பல்லு சராசரியா ரெண்டு கூட இல்ல. அதுலயும் ஈறு நோவுல போனது சொற்பம். என்ன மந்திரம்? ஒரு மந்திரமும் இல்ல. கூப்புட்டாக, வந்தாக.

உனக்கு மூணு மாசம் நெனவுல நிக்காதுங்குறியா? மதுரக்காரனுக்கு நெனவு இல்லாமப் போகுமா? சித்திரையில அழகரு ஆத்துல எறங்குறாரு. ஆடியில அழகர்கோயில் தேரு. ஐப்பசியில தீபாவளி. தையில அலங்காநல்லூரு. எண்ணிப் பாரு, சரியா மும்மூணு மாசம். ஒவ்வொண்ணுக்கும் துணி எடுக்க விளக்குத்தூணுக்குப் போறேல்ல? அதே நடையில ஈறு டாக்டரையும் பாத்துட்டு வா. ஈறு நல்லா இருந்தா, "ஆறு மாசங் கழிச்சு வா"ன்னு அவரே தள்ளிப் போடுவாரு. அத அவரு சொல்லணும், நீ சொல்லக் கூடாது.

சக்கரை இருக்குறவுக இன்னும் உசாரா இருக்கணும். சக்கரை ஏறுனா ஈறு கெடும். ஈறு கெட்டா சக்கரை அடங்காது. ஈறு வைத்தியம் பாத்துக்கிட்டவுகளுக்கு மூணு மாசச் சராசரிச் சக்கரைக் கணக்கு (HbA1c) 0.4 போல எறங்குறதாப் பல ஆய்வுகளச் சேத்துப் பாத்துச் சொல்றாக. சக்கரை டெஸ்ட்டும் மூணு மாசம், ஈறும் மூணு மாசம். ஒரே பஸ்ஸுல போயிட்டு வா. பிரசர் மாத்திரையில ஒண்ணு ரெண்டு ஈறத் தடிக்க வைக்கும். அதனால என்னென்ன மாத்திரை முழுங்குறன்னு மறைக்காமச் சொல்லு.

வெத்தலை? சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. வெத்தலை மேல எனக்குக் கோவமில்ல. அதுக்குள்ள போயிலைய மடிச்சு வைக்கிறியே, அங்கதான் வினை. பீடி சிகரெட்டு அதவிடக் களவாணி. ஈறுல ரத்தமே வர விடாது. ரத்தம் வரலைன்னு நீ சந்தோசப்படுவ. உள்ள எலும்பு கரைஞ்சுக்கிட்டு இருக்கும்.

வீட்டு வேலை சின்னதுதான். மெத்துன பிரஷ்ஷு. செம்புப் பானை தேய்க்கிற வேகம் வேணாம். ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல சாய்ச்சு வச்சு, பைய அசைக்கணும். காலையில ஒருக்கா, ராத்திரி படுக்கும்போது ஒருக்கா, ரெண்டு ரெண்டு நிமிசம். ராத்திரி கறி தோசை தின்னுட்டு அப்படியே படுத்துக்கிட்டா அந்தக் கணக்கு செல்லாது. சந்து விழுந்த எடத்துக்குன்னு குட்டி பிரஷ்ஷு விக்கிறாக, தெனம் ஒரு தரம் விட்டு எடு. ஊசி, ஊக்கு, பின்னு எல்லாம் வேட்டிக்கும் சேலைக்கும்.

கடைசியா ஒண்ணு. உங்க ஆத்தா உனக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிருக்கா. ஜாதகம் பத்துப் பொருத்தமும் பாத்தாச்சாம். போகுது. நீ போயி ஈறு டாக்டருகிட்ட அந்த மில்லிமீட்டர் எழுதுன சீட்ட வாங்கிட்டு வா. எல்லா எடத்துலயும் மூணுக்குள்ள இருந்தா, ஜாதகத்தோட அதையும் சேத்துக் குடுத்து விடலாம். பொண்ணு வீட்டுச் சீட்டையும் கேப்போம். அஞ்சும் ஆறுமா இருந்தா? தேதியக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம், பேராண்டி. தகடு ஒட்டிட்டு மேடை ஏறுறதவிட அது எவ்வளவோ மேலு.